மருத்துவரிடம் இருக்கும் உங்கள் குறிப்பு: யாருக்குத் திறக்க வேண்டும், யாருக்கு மூட வேண்டும்

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களும் இதைப் படிக்கக்கூடும். உங்கள் ஊரில் உள்ள பொது மருத்துவர் ஒருவரிடம் இரண்டு ஆண்டுகளாக மனச்சோர்வுக்கு மாத்திரை வாங்கிவருகிறீர்கள். அந்தக் கிளினிக்கின் முன்மேசையில் இருப்பவர் உங்கள் நாத்தனாரின் தோழி. "உங்க அண்ணி எதுக்கு மாசாமாசம் அந்த மாத்திரை வாங்குறாங்க?" என்று அவர் நாத்தனாரிடமே கேட்டுவிட, செய்தி வீடு முழுக்கப் பரவிவிட்டது. மனம் நொந்து, வேறு மருத்துவரிடம் மாற எண்ணிச் சிகிச்சைக் குறிப்புகளின் நகலைக் கேட்டபோது, "அதெல்லாம் டாக்டரோடது, வெளியே கொடுக்கிற வழக்கமில்லை" என்று மறுத்துவிட்டார்கள். இவை சரியா, நகலைப் பெற முடியுமா, அவர்களுடைய கணினியிலிருந்து உங்கள் பெயரை நீக்கச் சொல்ல முடியுமா என்பவை உங்கள் கேள்விகள்.

தனியார் மருத்துவமனை ஒன்றின் பதிவேடுகள் பிரிவில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். கேஸ் ஷீட்டைக் கேட்டு வந்த நோயாளிகளையும், அதே கேஸ் ஷீட்டை எட்டிப் பார்க்க வந்த உறவினர்களையும் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு நடந்த இரண்டும் ஒரே தவறின் இரு பக்கங்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. மருத்துவக் குறிப்பு நோயாளிக்குத் திறந்தும் மற்றவர்களுக்கு மூடியும் இருக்க வேண்டிய பொருள். நம் ஊர்க் கிளினிக்குகள் பலவற்றில் அது தலைகீழாகக் கிடக்கிறது: கேட்கிற உறவினருக்கெல்லாம் பதில் கிடைக்கிறது, உரியவர் கேட்டால் மட்டும் கதவு சாத்தப்படுகிறது.

முதல் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். இந்தியாவில் அலோபதி மருத்துவர்களின் நடத்தையை இன்றும் கட்டுப்படுத்துவது, இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-இல் வெளியிட்ட தொழில் நடத்தை மற்றும் நன்னெறி ஒழுங்குமுறைகள். அந்தக் கவுன்சிலின் இடத்துக்கு வந்த தேசிய மருத்துவ ஆணையம், அவற்றுக்கு மாற்றாக 2023 ஆகஸ்டில் புதிய விதிகளை வெளியிட்டது. மூன்று வாரங்களுக்குள் அவற்றை நிறுத்திவைத்ததால், பழைய விதிகளே நடைமுறையில் உள்ளன. அவற்றின் 2.2-ஆம் விதி, நோயாளி நம்பிச் சொன்ன தனிப்பட்ட, குடும்ப விஷயங்களைச் சட்டம் கோரினாலன்றி மருத்துவர் ஒருபோதும் வெளியிடக் கூடாது என்கிறது. 7.14-ஆம் விதி இன்னும் தெளிவாக, தொழிலின்போது அறிந்த நோயாளியின் இரகசியத்தை வெளியிடுவதைத் தொழில்முறைத் தவறுகளின் பட்டியலிலேயே சேர்த்து, மூன்று விலக்குகளை மட்டும் அனுமதிக்கிறது: நீதிபதியின் ஆணைப்படி நீதிமன்றத்தில் சொல்வது, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடுமையான, அடையாளம் காணத்தக்க ஆபத்து இருக்கும்போது சொல்வது, அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களை அறிவிப்பது. நாத்தனாரின் ஆவல் இம்மூன்றில் எதிலும் அடங்காது.

உங்கள் சிகிச்சை மனநலம் சார்ந்தது என்பதால் இன்னொரு சட்டமும் உங்களுக்குத் துணை நிற்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 23-ஆம் பிரிவு, மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவருக்குத் தம் மனநலம், உடல்நலம், பெறும் சிகிச்சை ஆகிய அனைத்திலும் இரகசியம் காக்கப்படும் உரிமையை அளிக்கிறது. அந்தக் கடமையை மனநல மருத்துவர் மீது மட்டும் வைக்காமல், சிகிச்சை தரும் எல்லா மருத்துவத் துறை வல்லுநர்கள் மீதும் அது வைத்திருக்கிறது. எனவே, "நான் மனநல மருத்துவர் இல்லையே" என்று உங்கள் பொது மருத்துவர் ஒதுங்கிக்கொள்வது கடினம். இச்சட்டத்தை முதல்முறை மீறினால் 6 மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

சொன்னவர் மருத்துவர் இல்லையே, முன்மேசைப் பெண்தானே என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். மாநில மருத்துவக் கவுன்சிலின் அதிகாரம் பதிவுபெற்ற மருத்துவர்கள் மீது மட்டுமே செல்லும் என்பது உண்மை. கம்பவுண்டரையோ வரவேற்பாளரையோ அது விசாரிக்காது. ஆனால் உங்கள் மாத்திரையின் பெயர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது அவர் அங்கே வேலை செய்ததால்தான். அவரை அந்த மேசையில் உட்கார வைத்தவர் மருத்துவர். ஊழியர் பணியின்போது செய்யும் தவறுக்கு அவரை வேலைக்கு வைத்தவர் பொறுப்பேற்க வேண்டும் என்பது உரிமையியல் சட்டத்தின் பழைய கோட்பாடு. நுகர்வோர் ஆணையங்களும் அதைப் பின்பற்றுகின்றன.

இங்கே சற்று நின்று, சட்டப் புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நோயாளியின் இரகசியம் என்றதும் இப்போது எல்லோரும் கணினித் திருட்டைப் பற்றியே பேசுகிறார்கள். நான் பார்த்தவரையில் பெரும்பாலான இரகசியங்கள் கசிந்தது காத்திருப்புக் கூடத்தில்தான். டோக்கன் எண்ணைக் கூப்பிடுவதற்குப் பதிலாகப் பெயரையும், சில நேரம் வந்த காரணத்தையும் சேர்த்துக் கூவுகிறார்கள். உள்ளே ஒருவரைப் பரிசோதிக்கும்போதே அடுத்த இருவரை அதே அறையில் பெஞ்சில் உட்கார வைத்துவிடுகிறார்கள். நேரம் மிச்சமாகிறது, ஆனால் மாதவிடாய் பற்றியோ குடிப்பழக்கம் பற்றியோ தூக்கமின்மை பற்றியோ உண்மையைச் சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை. லேப் ரிப்போர்ட்டுகள் மேசையில் அடுக்கிக் கிடக்க, "உங்களோடதை நீங்களே தேடி எடுத்துக்குங்க" என்கிறார்கள். தன்னுடையதைத் தேடுபவர் வழியில் பத்துப் பேருடையதைப் படித்துவிடுகிறார். ஸ்கேன் முடிவு வாட்ஸ்அப்பில் வருகிறது. அந்த எண், பதிவின்போது கூட வந்த மாமனாருடையதாக இருக்கிறது. இவற்றில் எதையும் சரிசெய்யப் பெரிய செலவில்லை. கதவைச் சாத்துவதும், ரிப்போர்ட்டை உறையில் போட்டுக் கையில் கொடுப்பதும், "எந்த எண்ணுக்கு அனுப்பலாம்?" என்று நோயாளியையே கேட்பதும் போதும். இத்தனை எளிய காரியம் செய்யப்படாததால் எத்தனை பெண்கள் மருத்துவரிடம் பாதியை மறைத்துப் பேசினார்கள் என்பதை நேரில் பார்த்தவன் என்பதால், எனக்கு இதில் ஆற்றாமை உண்டு.

குடும்பத்தாருக்குச் சொல்வது தவறா என்று மருத்துவர்களே என்னிடம் கேட்டதுண்டு. நம் வீடுகளில் நோயாளி தனியாக வருவது அரிது. பணம் கட்டுபவர் ஒருவர், முடிவெடுப்பவர் இன்னொருவர். கூட வந்தவர் முன்னிலையில் பேசலாமா என்று நோயாளியைக் கேட்டு, அவர் தலையசைத்தால் பேசுவது முற்றிலும் சரி. 18 வயது நிறைந்த, தாமே முடிவெடுக்கக்கூடிய ஒருவர் வேண்டாம் என்றால், கணவர் ஆனாலும் தாய் ஆனாலும் மருத்துவர் வாய் திறக்க உரிமையில்லை. திருமணம் ஆனதால் மனைவியின் கேஸ் ஷீட் கணவருக்கும் சொந்தம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கருக்கலைப்பு விஷயத்தில் சட்டம் இன்னும் கடுமையாக இருக்கிறது: 2021-இல் திருத்தப்பட்ட மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தின் 5-ஏ பிரிவின்படி, அந்தப் பெண்ணின் பெயரையும் விவரங்களையும் சட்டம் அனுமதித்தவரைத் தவிர வேறு யாரிடமும் வெளிப்படுத்தும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.

இந்த எல்லை எவ்வளவு சிக்கலானது என்பதைக் காட்டும் வழக்கு ஒன்று சென்னையில் தொடங்கியது. நாகாலாந்து அரசின் மருத்துவப் பணியில் இருந்த ஒருவர், அறுவை சிகிச்சைக்காக வந்த நோயாளி ஒருவருடன் 1995-இல் சென்னைக்கு வந்தார். அவருக்காக இரத்தம் கொடுக்க முன்வந்தபோது, பரிசோதனையில் இவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அந்தத் தகவல் மருத்துவமனையிலிருந்து வெளியே போக, அந்த ஆண்டு டிசம்பரில் நடக்கவிருந்த அவருடைய திருமணம் நின்றது. ஊரார் ஒதுக்கியதால் கோஹிமாவை விட்டே அவர் வெளியேறினார். பெயர்களை மறைத்து 'எக்ஸ் எதிர் மருத்துவமனை இசட்' என்று பதிவான அந்த வழக்கில், 1998-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு தர மறுத்தது. மணக்கவிருந்த பெண்ணின் நலவாழ்வு உரிமை அவருடைய அந்தரங்க உரிமையைவிட மேலோங்கும் என்றது. அதோடு நில்லாமல், அப்படிப்பட்டவரின் திருமண உரிமையைப் பற்றியும் சில கருத்துகளைச் சொன்னது. அவை தேவையற்றவை என்று 2002-இல் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு தெளிவுபடுத்தியது. ஆபத்தில் இருந்த ஒரு பெண்ணிடம் சொல்வது வேறு, ஊருக்கே தெரியவிடுவது வேறு. அந்தத் தீர்ப்பு இந்த வேறுபாட்டின் மீது போதிய வெளிச்சம் பாய்ச்சவில்லை என்பது என் கருத்து.

அந்தக் குறையைச் சரிசெய்தது 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம். அதன்படி மருத்துவர், துணைவர் ஒருவரிடம் மட்டுமே, அதுவும் அவருக்குக் கணிசமான தொற்று ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பினால் மட்டுமே சொல்லலாம். அதற்கு முன் நோயாளி தாமே சொல்லும்படி ஆலோசனை தந்திருக்க வேண்டும். அவர் சொல்லப்போவதில்லை என்பது உறுதியாகியிருக்க வேண்டும். தாம் சொல்லப்போவதை நோயாளிக்கு முன்கூட்டியே தெரிவித்திருக்கவும் வேண்டும். உங்கள் மாத்திரையால் யாருக்கும் எந்த ஆபத்தும் இல்லாத நிலையில், இப்படி எந்தப் படியையும் கடக்காமல் உங்கள் செய்தி வெளியே போயிருக்கிறது.

நகலைப் பற்றிய இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். "அது டாக்டருடையது" என்ற பதிலில் பாதி உண்மை இருக்கிறது. காகிதமும் கணினியும் கிளினிக்கின் உடைமை. அதில் எழுதியிருப்பது உங்கள் உடலையும் மனத்தையும் பற்றியது, அதன் நகலைப் பெறுவது உங்கள் உரிமை. 1996-இலேயே பம்பாய் உயர் நீதிமன்றம், நோயாளிக்கோ நெருங்கிய உறவினருக்கோ குறிப்புகளின் நகலைத் தர மருத்துவமனைகள் மறுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. 2002 ஒழுங்குமுறைகளின் 1.3.2-ஆம் விதி, நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால் அதற்கு ஒப்புகை தந்து, 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்கிறது.

இதில் ஒரு நுணுக்கத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். பதிவுகளை மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்ற 1.3.1-ஆம் விதியும், தர மறுப்பதைத் தவறாக அறிவிக்கும் 7.2-ஆம் விதியும் உள்நோயாளிகளின் பதிவுகளையே குறிப்பிடுகின்றன. நீங்கள் புறநோயாளி. ஆகவே, "எங்களுக்கு இது பொருந்தாது" என்று கிளினிக் வாதிட இடமுண்டு. பல சிறு கிளினிக்குகளில் புறநோயாளிக்குத் தனிக் கோப்பே வைப்பதில்லை, எல்லாம் நோயாளி கையிலிருக்கும் சீட்டிலோ சிறு நோட்டிலோதான் இருக்கும். ஆனால் 72 மணி நேரம் பற்றிய 1.3.2-ஆம் விதி, மருத்துவப் பதிவுகள் என்று பொதுவாகத்தான் சொல்கிறது. அத்துடன் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, தம் அடிப்படை மருத்துவப் பதிவுகளைப் பார்க்கும் உரிமையை உள், புற வேறுபாடு எதுவும் குறிப்பிடாமல் அளிக்கிறது. உங்கள் கடிதத்தில் முதலில் சுட்ட வேண்டியது இதைத்தான். நோயாளிக்குக் கடும் மனப் பாதிப்பையோ பிறருக்குத் தீங்கையோ உண்டாக்கும் குறிப்பிட்ட பகுதியைப் பொறுப்பில் உள்ள மனநல வல்லுநர் நிறுத்திவைக்கலாம். அப்போதும், அதை எதிர்த்து, அதே சட்டத்தின்படி அமைந்த மனநல ஆய்வு வாரியத்தை அணுகலாம் என்பதை நோயாளியிடம் சொல்லியாக வேண்டும்.

கேட்கும்போது, "என் ஃபைலைத் தாருங்கள்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரி போல ஒரு பக்கத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வருகைத் தேதிகள், ஒவ்வொரு வருகையிலும் மருத்துவர் எழுதிய குறிப்பு, மருந்துகளின் பெயர், அளவு, மாற்றிய தேதி, இரத்தப் பரிசோதனை முடிவுகள், வேறு மருத்துவருக்கு எழுதிய பரிந்துரைக் கடிதம் இருந்தால் அது என்று பிரித்துக் கேளுங்கள். மனச்சோர்வு மருந்துகளைத் திடீரென நிறுத்தவோ மாற்றவோ கூடாது என்பதால், அளவை எப்போது கூட்டினார்கள், எப்போது குறைத்தார்கள் என்பது அடுத்த மருத்துவருக்கு மிகவும் வேண்டியது. நகல் எடுக்கும் செலவைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

பெயரை நீக்குவது பற்றிய மூன்றாம் கேள்விக்கு என் பதில் உங்களுக்கு ஏமாற்றம் தரலாம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, தம் தரவின் சுருக்கத்தை அறியவும், திருத்தவும், அழிக்கச் சொல்லவும் உரிமை தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன. இந்த உரிமைகளும், கிளினிக்குகள் மீதான கடமைகளும் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வருகின்றன. அப்போதும், வேறு சட்டத்தின்படி வைத்திருக்க வேண்டியவற்றை அழிக்கச் சொல்ல முடியாது. கையால் எழுதிய நோட்டில் மட்டும் இருப்பதற்கு அச்சட்டம் பொருந்தவே பொருந்தாது. பாதுகாப்புக் குறைபாட்டுக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டத்தொகை என்று செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பணம் அரசுக் கருவூலத்துக்குப் போகும், பாதிக்கப்பட்டவருக்கு வராது. இதைவிட எனக்கு வருத்தம் தருவது, கவனக்குறைவால் மருத்துவத் தகவல் கசிந்து நட்டம் நேர்ந்தால் இழப்பீடு கேட்க வழி செய்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவு, புதிய சட்டம் முழுமையாக வரும்போது நீக்கப்படுவதுதான்.

சட்டத்தை ஒருபுறம் வைத்துவிட்டு யோசித்தாலும், அழிக்கச் சொல்வது உங்களுக்கு நல்லதா என்று எனக்கு ஐயமுண்டு. உங்கள் இரண்டாண்டுச் சிகிச்சைக்கு அந்தக் குறிப்புகளே சாட்சி. நாளை புகார் கொடுத்தால் அவைதான் உங்களுக்கு வேண்டியிருக்கும். ஆகவே, அழிக்கக் கோருவதற்குப் பதிலாக, மருத்துவரைத் தவிர வேறு யாரும் திறக்க முடியாதபடி பூட்டிவைக்கக் கோருங்கள். கிளினிக்கின் கணினியில் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் என்றால் அதை மாற்றச் சொல்லுங்கள். மருத்துவப் பதிவுகளை டிஜிட்டலாக இணைக்கும் அரசின் 14 இலக்க 'ஆபா' எண்ணை அவர்கள் உங்களுக்கு உருவாக்கியிருந்தால், அது கட்டாயமில்லை என்பதையும், நீங்கள் ஒப்புதல் தராமல் அதன் வழியே உங்கள் பதிவுகளை வேறு மருத்துவமனை பார்க்க முடியாது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு சொல். காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும்போதும், சிகிச்சைச் செலவைக் கோரும்போதும் கையெழுத்திடும் படிவங்களில், உங்கள் மருத்துவப் பதிவுகளைப் பெற நிறுவனத்துக்கு அனுமதி தரும் வரி இருக்கும். அந்தக் கையெழுத்து இருந்தால் கிளினிக் அவர்களுக்குத் தருவது மீறல் ஆகாது. வேலை பார்க்கும் இடத்துக்குச் சான்றிதழ் கேட்டால், வேலைக்குத் தகுதி அல்லது இத்தனை நாள் ஓய்வு தேவை என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். நோயின் பெயரை எழுதும் முன் உங்கள் ஒப்புதலைக் கேட்கச் சொல்லுங்கள்.

இனிச் செய்ய வேண்டியது. முதல் கடிதம் மருத்துவர் பெயருக்கே போகட்டும். அவருக்கு நடந்தது தெரியாமலே இருக்கலாம், நல்ல மருத்துவராக இருந்தால் அன்றே சரிசெய்வார். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். "நான் தங்களிடம் இன்ன தேதி முதல் சிகிச்சை பெற்றுவருகிறேன். இன்ன தேதியில் தங்கள் கிளினிக் ஊழியர் என் மருந்து விவரத்தை என் அனுமதியின்றி என் உறவினரிடம் தெரிவித்தார். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 25-ஆம் பிரிவின்படியும், 2002 ஒழுங்குமுறைகளின் 1.3.2-ஆம் விதியின்படியும் கீழ்க்காணும் பதிவுகளின் நகல்களை 72 மணி நேரத்துக்குள் தருமாறும், இனி என் தகவலை என் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி எவரிடமும் பகிராதிருக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதினால் போதும். நேரில் கொடுத்தால் நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். மறுத்தால் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கடிதத்தில் ஊழியரை வசைபாட வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுங்கள். நாத்தனாரிடம் அவர் வாட்ஸ்அப்பில் ஏதேனும் எழுதியிருந்து அது உங்கள் கைக்குக் கிடைத்தால் அழிக்காமல் வைத்திருங்கள்.

பதில் வராவிட்டால் இரண்டு வழிகள் உண்டு. மருத்துவர் மீது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் அனுப்பலாம். 6 மாதங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது விதி, நடைமுறையில் தாமதமாவதும் உண்டு. நீங்கள் கட்டணம் செலுத்திச் சிகிச்சை பெற்றதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம். சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும், செலுத்திய கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் இல்லாமலே வாதாடலாம்.

இவை எல்லாம் முடியும்வரை மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கையிலிருக்கும் பழைய மருந்துச் சீட்டுகளையும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு, அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு இந்த வாரமே போய்வாருங்கள். குறிப்புகளின் நகல் கிடைக்கும்வரை அவற்றை வைத்தே அவர்களால் சிகிச்சையைத் தொடர முடியும்.